குரொய்டனில் வாங்கிய எதிர்காலம்

1972 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியின் ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சியில் றொக்ஸி மியூசிக் என்றொரு புதிய குழு மூன்று நிமிடம் தோன்றிப் போனது. பாடகர் பிரையன் ஃபெரி மினுங்கும் சட்டையும் படிய வாரிய தலையுமாகப் பியானோவுக்கு முன்னால் இருந்தார்; ஐம்பதுகளின் ஹொலிவூட் கதாநாயகன் கோலம். சற்றுத் தள்ளி, முகப்பூச்சும் நீண்ட முடியுமாகப் பிரையன் ஈனோ. அவர் முன்னால் இருந்ததை வாத்தியம் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்; குமிழ்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டி. ‘வேர்ஜினியா பிளெய்ன்’ என்ற அந்தப் பாட்டுக்குப் பல்லவி கிடையாது. பாட்டின் பெயரே கடைசிச் சொற்களாகத்தான் வருகிறது. வந்த கணமே பாட்டு அறுந்து நிற்கிறது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது நான்காம் இடம்வரை ஏறியது.

அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் பிறகு தாங்களே இசைக்குழு தொடங்கினார்கள். எண்பதுகளின் ஆங்கிலப் பொப் இசையில் பாதி அந்த மூன்று நிமிடத்துக்குக் கடன்பட்டது என்பது என் கருத்து. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. எனக்கு அந்தக் குழு அகப்பட்டது இருபது வருடத்துக்கும் மேலாகப் பிந்தி, குரொய்டன் நகரத்துப் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு லண்டனில் ஒரு பெற்றோல் செற்றில் எனக்கு இரவு வேலை. நாங்கள் இருந்த வீட்டில் ஆட்கள் கூட, கட்டில்கள் குறைவு. காலையில் நான் திரும்பும்போது என் கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார். அவர் எழும்பி வேலைக்குப் போனபிறகுதான் எனக்குப் படுக்கை. அந்த இடைப்பட்ட நேரத்தை எங்கேயாவது போக்கவேண்டும். கடைகள் திறந்ததும் நான் போய் நின்ற இடம் மிடில் ஸ்ட்ரீற்றில் இருந்த பீனோஸ். மூன்று தளம் நிறையப் பழைய தட்டுகள். ஐரோப்பாவிலேயே பெரிய பழைய இசைத்தட்டுக் கடை என்று பெயர் எடுத்திருந்தது. 2009 இல் மூடிவிட்டார்கள். அங்கே மணிக்கணக்காக நின்று உறைகளைப் புரட்டலாம். என்ன வேண்டும், ஏன் நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். புதிதாக இந்த நாட்டுக்கு வந்த ஒருவனை யாரும் ஒன்றும் கேட்காமல் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய உபசாரம் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆங்கிலப் பாட்டு எனக்குப் பெரிதாகப் பழக்கமில்லை. உறைகளைப் பார்க்கத்தான் போனேன். அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமான உடுப்பில் சரிந்து கிடக்கும் பெண்ணொருத்தியின் படம் கையில் தட்டுப்பட்டது. அந்தக் காலத்து அழகுராணிபோல ஒப்பனை, அகலத் திறந்த கண்கள், பல் தெரியும் சிரிப்பு. கரி-ஆன் முல்லர் என்ற மொடல் அவர். குழுவின் பெயர் மட்டும் மேலே இருந்தது. பாடுகிறவர்களின் படம் முன்பக்கத்தில் இல்லை. தட்டு வெளியான 1972 இல் அப்படி ஓர் உறை வருவது புதுமை. மற்ற றொக் குழுக்கள் ஜீன்ஸும் தாடியுமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உடுப்பை வடிவமைத்தவர் அன்ரனி பிறைஸ். படம் எடுத்தவர் கார்ல் ஸ்ரோக்கர். அட்டையைப் புத்தகம்போல விரிக்கலாம். விரித்தேன்.

உள்ளே ஆண்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படம். கிற்றார்க்காரர் பில் மன்சனேராவின் முகத்தில் பூச்சிக்கண் அளவுக்குப் புடைத்த, கல் பதித்த கறுப்புக் கண்ணாடி. இன்னொருவரின் முடி நெற்றிக்கு மேலே கோபுரமாக எழும்பி நிற்கிறது. ஃபெரி புலிக்கோடு போட்ட சட்டையில் இருந்தார். புலிக்கோட்டை அதுவரை ஒரே ஒரு வகை உடுப்பில்தான் நான் கண்டிருந்தேன். அந்த உடுப்போடு போனவர்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. இங்கே ஒரு மனிதர் அதே கோடுகளை அழகுக்காகப் போட்டுக்கொண்டு கமராவைப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது, ஒரு துணிக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கலாம் என்ற நினைப்புத்தான் வந்தது. கடையின் நடுவில் நின்று அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஓர் அண்ணை இருந்தார். வட்டுக்கோட்டைப் பக்கம். சமையலறை மேசையில் நான் வைத்த தட்டை எடுத்துப் பார்த்தார்.

“இதென்னடா தம்பி, படத்திலை இருக்கிறவதான் பாடுறவவோ?”

“இல்லை அண்ணை. பாடுறவை உள்ளுக்கை இருக்கினம்.”

உறையை விரித்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன்.

“இவை கூத்துக்காரரெல்லோ!” என்றார்.

அவர் வாயிலிருந்து வந்தால் அது பெரிய மரியாதை. வட்டுக்கோட்டை கூத்துக்குப் பேர்போன இடம். அவருடைய வீட்டில் தகப்பனும் மாமனும் ஆடியவர்கள். பகலில் தோட்டத்தில் நின்ற மனுசன் இரவு முடியும் மணியும் கட்டி வெளிக்கிட்டால் அவன் தருமன்தான், வீமன்தான். விடியும்வரை அவனை வேறு பெயரில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று அண்ணை சொல்லுவார். வேடம் பொய் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஆங்கில விமர்சகர்களில் ஒரு சாரார் றொக்ஸி மியூசிக்கைப் பார்த்தவுடன் ‘போலி, வெறும் மினுக்கம்’ என்று எழுதித் தள்ளினார்கள். ஜீன்ஸ் போட்டவன் உண்மையானவன், சரிகை போட்டவன் வேசக்காரன் என்பது அவர்களின் கணக்கு. எங்கள் அண்ணைக்கு இருந்த தெளிவு அவர்களுக்கு இருக்கவில்லை.

தட்டைச் சுழலவிட்டேன். முதலில் பாட்டே இல்லை. ஏதோ விருந்தில் ஆட்கள் கதைக்கிற சத்தம், கண்ணாடிக் குவளைகள் முட்டுகிற சத்தம். பிறகு பியானோ. பிறகு எல்லாம் ஒன்றாகப் பாய்கிறது. ‘றீ-மேக், றீ-மொடல்’ என்ற அந்த முதல் பாட்டில் பின்குரல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு கார் இலக்கத் தகட்டின் எழுத்தையும் எண்ணையும். காதலைச் சொல்ல அந்த இலக்கம் போதும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கும் போதுமாக இருந்தது. பாட்டின் முடிவில் இசை திடீர் திடீரென்று நிற்க, ஒவ்வொரு வாத்தியமும் சில விநாடி தனியாக முன்னுக்கு வருகிறது. பாஸ் கிற்றாரில் பீற்றில்ஸின் ஒரு துண்டு. சக்ஸபோனில் வாக்னரின் ஒரு துண்டு. கிற்றாரில் ஐம்பதுகளின் றொக் அண்ட் றோல். ஈனோவின் பெட்டியிலிருந்து எந்த மரபிலும் சேராத ஒரு கிறுக்கல். மேற்கத்திய இசையின் நூறு வருடம் அரை நிமிடத்துக்குள் அணிவகுத்துப் போய்விடுகிறது.

அன்றைக்கு எனக்கு இந்தப் பெயர்களில் பல தெரியாது. பீற்றில்ஸ் தெரியும், வாக்னர் தெரியாது. ஆனாலும் இந்த இசை பழைய சாமான்களிலிருந்து கட்டப்பட்டது என்பதும், கட்டி முடித்த பொருள் முன்னெப்போதும் இல்லாதது என்பதும் முதல் கேட்பிலேயே விளங்கியது.

இரண்டாம் மூன்றாம் தடவை கேட்டபோதுதான் ‘லேடிற்றொன்’ என்னைப் பிடித்தது. அதன் தொடக்கத்தில் தாளம் இல்லை. அடியில் ஈனோவின் சிந்தசைஸர் சுழன்று ஏறி இறங்குகிறது; அதற்கு மேலே அன்டி மக்கே ஓபோ வாசிக்கிறார். சந்திரனில் இறங்குவதுபோல ஓர் ஒலி வேண்டும் என்று ஃபெரி கேட்டதாகச் சொல்வார்கள். ஓபோ முந்நூறு வருடப் பழமையான குழல். அதன் துணைக்கு நிற்கும் பெட்டி அப்போது மூன்று வருடப் பழசு. இரண்டையும் சேர்த்துவைத்தபோது எந்தக் காலம் என்று சொல்லமுடியாத ஓர் இடம் பிறக்கிறது. நான் கேட்ட எதிர்காலம் அதுதான்.

ஒலி இப்படி வழுகி ஏறி இறங்குவதை நான் அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், கடைகளில் கிடையாது. றேடியோவில் செய்தி கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். வெளிநாட்டுச் செய்தி தொடங்கும் நேரத்துக்குக் கூட்டம் கூடிவிடும்; பெடியள் முறைவைத்துச் சுற்றுவோம். செய்தி முடிந்ததும் பெரியவர்கள் போய்விடுவார்கள். பிறகு கசெற் எங்களுக்கு. சுற்றுகிற கை களைத்தால் ரி.எம்.எஸ்ஸின் குரல் இழுபட்டுக் கனத்துக் கீழே இறங்கும். ஆள் மாறி வேகமாகச் சுற்றினால் அதே குரல் மேலே பறந்து பெண்குரல் ஆகும். நாங்கள் இரண்டையும் வேண்டுமென்றே செய்து பார்ப்போம். ஒரே பாட்டை நாலு விதமாகப் பாடவைப்போம். சொந்தக் கையால் உண்டாக்கிய மின்சாரம் பாட்டாக மாறுவதையும், கையின் வேகத்துக்கு ஏற்பப் பாட்டு வளைவதையும் பதினாறு வயதில் தொட்டு அறிந்தவன் நான்.

ஈனோவின் பெட்டி அந்த அறிவைத்தான் கேட்டது. வி.சி.எஸ். 3 என்பது அதன் பெயர். 1969 இல் லண்டனின் பட்னி பகுதியில் இருந்த ஈ.எம்.எஸ். என்ற சிறு நிறுவனம் உண்டாக்கியது. பெட்டியில் விசைப்பலகை கிடையாது. முகப்பில் பதினாறுக்குப் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சதுரம். சிறு ஆணிகளை எந்தத் துளையில் குத்துகிறோமோ அதற்கேற்ப மின்சாரம் ஓடும் வழி மாறும், ஒலி மாறும். ஒரு பக்கத்தில் ஒலியைப் பிடித்து ஆட்ட ஒரு சிறு தடி. ஈனோ தன் பெட்டியை மட்டும் இயக்கவில்லை. மன்சனேராவின் கிற்றாரையும் மக்கேயின் ஓபோவையும் அந்தப் பெட்டிக்குள் விட்டு, பிழிந்து, வேறு ஒலியாக வெளியே எடுத்தார். ஆரம்பத்தில் அவர் மேடையில் நின்றதே இல்லை. மண்டபத்தின் பின்னால், ஒலிக்கலவை மேசையில் இருந்தபடி செய்தார். இறகும் மினுக்கமுமாக மேடைக்கு வந்தது பிறகு.

அவர் குழுவுக்குள் வந்த கதையும் சொல்லவேண்டியது. ஈனோ ஓவியக் கல்லூரி மாணவர்; தன்னை வாத்தியக்காரன் அல்ல என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டவர். மக்கேயை முன்னமே பழக்கம். 1971 இல் லண்டன் பாதாள ரயிலில் இருவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். மக்கேயிடம் வி.சி.எஸ். 3 இருக்கிறது; ஈனோவிடம் ரேப் றெக்கோடர் இருக்கிறது. குழுவின் பாட்டைப் பதிவுசெய்து தரப் போனவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்த ரயில் நிலையத்தில் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் நான் இன்றைக்கு ஓர் ஓவிய ஆசிரியராக இருந்திருப்பேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஃபெரியின் வழி வேறு. இங்கிலாந்தின் வடகிழக்கில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த டேரம் மாவட்டத்தின் வொஷிங்ரன் என்ற ஊரில் 1945 இல் பிறந்தவர். தகப்பன் பண்ணைத் தொழிலாளி. சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குட்டைக் குதிரைகளைப் பராமரித்தவர். பிள்ளை நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கப் போனான். அங்கே ஆசிரியராக இருந்தவர் றிச்சர்ட் ஹமில்ற்றன். 1956 இல் லண்டன் வைற்சப்பல் கலைக்கூடத்தில் நாளைய உலகைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காகச் சஞ்சிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டி ஹமில்ற்றன் செய்த சிறு படம் பிரித்தானிய ‘பொப்’ ஓவியத்தின் தொடக்கம் என்று எண்ணப்படுகிறது. விளம்பரம், சினிமா, கார், அழகுராணி எல்லாமே ஓவியத்துக்குரிய பொருள் என்பதை ஃபெரி அவரிடம் கற்றார். அப்போது வேர்ஜினியாப் புகையிலைப் பெட்டி ஒன்றை வைத்து ஃபெரி வரைந்த ஓவியத்தின் பெயர்தான் பிறகு ‘வேர்ஜினியா பிளெய்ன்’ பாட்டானது. லண்டனுக்கு வந்து பாடசாலையில் மட்பாண்டக் கலை படிப்பித்துக்கொண்டே குழுவைச் சேர்த்தார். கிங் கிரிம்சன் குழுவின் பாடகர் தேர்வுக்குப் போய் எடுபடவில்லை. அந்தத் தொடர்பில் கிடைத்த பீற் சின்ஃபீல்ட் என்ற பாடலாசிரியர்தான் 1972 வசந்தத்தில் பிக்கடிலியின் கொமாண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் தட்டைத் தயாரித்தார்.

இதையெல்லாம் நூலகத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து அறிந்தபோது எனக்கு அந்தப் புலிக்கோட்டுச் சட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சுரங்கத்துக் குதிரை பார்த்தவரின் மகன் தன்னைத் தானே புதிதாக வரைந்திருக்கிறார். பிறந்த இடத்தை மறைக்க அல்ல. பிறந்த இடம் தனக்கு ஒதுக்கிவைத்த ஒரே உடுப்பைத்தான் போடவேண்டும் என்ற விதி இல்லை என்பதைக் காட்ட. அகதி என்ற ஒரே சொல்லால் எல்லாக் கடிதத்திலும் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு தேவையான செய்தி என்று விளக்கத் தேவையில்லை.

பெற்றோல் செற்றில் என்னிடமிருந்து காலைப்பொழுதை ஏற்பவர் ஓர் ஆங்கிலேயர், என்னைவிட நன்றாக மூத்தவர். ஒருநாள் கையில் இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, “இவர்களை நான் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்” என்றார். குரொய்டன் ஃபெயர்ஃபீல்ட் மண்டபத்துக்கு எதிரே, பார்க் லேனில் கிரேஹவுண்ட் என்று ஒரு மதுச்சாலை இருந்தது. 1972 ஜூன் 25 அன்று அங்கே டேவிட் போவியின் நிகழ்ச்சி. முன்னால் வாசித்தது றொக்ஸி மியூசிக். போவியின் ‘ஸிகி ஸ்ராடஸ்ற்’ தட்டும் றொக்ஸியின் முதல் தட்டும் ஒரே நாளில், அந்த ஜூன் 16 அன்று, வெளிவந்திருந்தன. “போவியைப் பார்க்கத்தான் போனோம். இவர்கள் ஏறியதும் எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது” என்றார். அடுத்த கிழமை அக்காவின் கண்மையைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாராம். தகப்பன் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கியில் நின்று அதைச் சொன்னபோது அந்த மனிதரின் முகம் இளகிப்போய் இருந்தது. நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் இருந்திருக்கிறது அந்த இடம்.

உடுப்புகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஈனோவின் மேடை உடுப்புகளைத் தைத்தவர் கரோல் மக்நிக்கல். பின்னாளில் பிரித்தானியாவின் பெயர்பெற்ற மட்பாண்டக் கலைஞர்களில் ஒருவரானவர். அவர் செய்த இறகு வைத்த கறுப்பு உடுப்பு ஒன்று லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. புகைப்படத்தில் அந்த இறகுகளைப் பார்த்தால் வேற்றுக் கிரகத்துப் பறவை. ஆனால் அவை சேவல் இறகுகள். எந்தக் கிராமத்திலும் பொறுக்கக்கூடிய சேவல் இறகும், கறுப்புத் துணியும், ஊசியும் நூலும். அந்தக் குழுவின் எதிர்காலம் முழுதும் இப்படித்தான் உண்டானது, கைவேலையால்.

இந்த அலங்காரத்துக்கு நடுவில் அதிகம் பேசப்படாத ஒருவர் மேளக்காரர் போல் தொம்சன். அவரும் வடகிழக்குத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. ஈனோவின் ஒலிகள் எந்தத் திசையில் பறந்தாலும், ஃபெரியின் குரல் எவ்வளவு நடுங்கினாலும், தொம்சனின் அடி பிசகாது; தடித்த, நேரான, நிலத்தில் ஊன்றிய அடி. அவர் இல்லாவிட்டால் அந்த முதல் தட்டு வெறும் ஓவியக் கல்லூரிச் சோதனையாகக் கலைந்துபோயிருக்கும். றொக்ஸியைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் ஆற்றாமை.

இரண்டாவது தட்டு ‘ஃபோர் யுவர் பிளெஷர்’, 1973 மார்ச். உறையில் அமாண்டா லியர் கறுப்புத் தோலுடுப்பில், சங்கிலியில் ஒரு கருஞ்சிறுத்தையைப் பிடித்தபடி நிற்கிறார். அட்டையைத் திருப்பினால் கார் ஓட்டியாக ஃபெரி சிரித்துக்கொண்டு காத்திருக்கிறார். இதிலுள்ள ‘இன் எவ்ரி ட்றீம் ஹோம் எ ஹார்ட்டேக்’ நான் கேட்ட பாட்டுகளில் மிகவும் அச்சமூட்டுவது. எல்லா வசதியும் உள்ள வீடு, அதில் தனியாக ஒரு மனிதன், அவனுக்குத் துணையாகக் காற்றடைத்த ஒரு பிளாஸ்ரிக் பொம்மை. ஹமில்ற்றன் 1956 இல் ஒட்டிய நவீன வீட்டுக்குள் மாணவன் பதினேழு வருடம் கழித்து நுழைந்து பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல இருக்கிறது. இந்தத் தட்டோடு ஈனோ விலகினார், 1973 ஜூலையில். இரு பிரையன்கள் ஒரு மேடையில் இருக்க முடியவில்லை.

அதன்பிறகு எடி ஜொப்சன் வயலினோடு வந்தார். ‘ஸ்ரான்டட்’ தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1982 இல் ‘அவலோன்’. அழகான தட்டுத்தான், மறுக்கமாட்டேன். உலகம் முழுதும் வீடுகளிலும் உணவகங்களிலும் மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். ஆனால் அதில் ஆபத்து இல்லை. துணி நன்றாக மடித்து அயன் செய்யப்பட்டுவிட்டது. முதல் இரண்டு தட்டிலும் எதிர்காலம் இன்னும் தைத்து முடியாமல், ஊசி குத்தியபடி இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

விலகிய ஈனோ எங்கெங்கெல்லாம் போனார் என்பது தனிக்கதை. பேர்லினில் போவியோடு, நியூயோர்க்கில் டோக்கிங் ஹெட்ஸோடு, பிறகு யூ2. 1978 இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தட்டு. நான் பின்னேரங்களில் கணினி வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தேன். வகுப்பில் இருபது கணினிகளை ஒன்றாகப் போட, விண்டோஸ் 95 திறக்கும் ஒலி ஒன்றன்பின் ஒன்றாக இருபது மூலையிலிருந்தும் எழும். அந்த ஒலியைச் செய்தவர் ஈனோ என்று படித்த நாளிலிருந்து வகுப்புக்கு நேரத்துக்கு முன்னமே போய் இருந்துவிடுவேன். பிறகு கொழும்பிலும் சென்னையிலும் ரொறொன்ரோவிலும் யார் யாருடைய வீட்டிலோ அதே ஒலியைக் கேட்டிருக்கிறேன். றொக்ஸி மியூசிக் என்ற பெயரையே அறியாத எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தப் பெட்டிக்காரரைக் கேட்டிருக்கிறார்கள்.

றொக்ஸி விட்டுப்போன தடம் நீளமானது. நியூயோர்க்கின் நைல் றொஜர்ஸ் லண்டனில் றொக்ஸியைப் பார்த்துவிட்டுத்தான் உடுப்பும் இசையும் ஒன்றாகச் செல்லும் ‘ஷிக்’ குழுவைக் கற்பனை செய்ததாகச் சொல்லியிருக்கிறார். லிவர்பூலில் ஒரு மின்னிசைக் குழு ‘லேடிற்றொன்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. 2019 இல் அமெரிக்காவின் றொக் அண்ட் றோல் புகழ்மண்டபத்தில் றொக்ஸியைச் சேர்த்தபோது அறிமுகம் செய்துவைத்தவர்கள் டுரான் டுரான் குழுவின் சைமன் லெ பொன்னும் ஜோன் ரெய்லரும்.

2022 ஒக்ரோபரில், முதல் தட்டு வந்து ஐம்பதாவது வருடம், லண்டன் ஓ2 அரங்கில் ஃபெரி, மக்கே, மன்சனேரா, தொம்சன் நால்வரும் மேடையேறினார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈனோ இல்லை. ‘லேடிற்றொன்’ தொடங்கி ஓபோ ஒலித்தபோது அவள் என் பக்கம் குனிந்து, “அப்பா, இது எந்த வருசத்துப் பாட்டு?” என்று கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்தக் குழுவைக் கேட்க விரும்புகிற தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தொகுப்புத் தட்டுகள் வேண்டாம், ‘அவலோன்’ பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1972 இன் முதல் தட்டை எடுங்கள். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அல்ல, நல்ல ஹெட்போனில், அந்த விருந்துச் சத்தத்திலிருந்து தொடங்கி வரிசை மாற்றாமல் கேளுங்கள். பாட்டு விளங்கவில்லை என்று முதல் தடவையில் நிறுத்திவிடவேண்டாம். இரண்டாம் பாட்டு ‘லேடிற்றொன்’.